துருவுக்கு ஒரு வார்னிஷ்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஞாபகம் இருக்கிறதா? முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் அப்பாவைக் கேளுங்கள். அவரும் முழித்தால் தாத்தாவைக் கேளுங்கள். 1961 முதல் பத்து வருஷம், ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டி இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்த வண்டி. நம்ம ஊர்க்கார்!

போன மாதம் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு ஷெட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, இதுதான் ஹெரால்டு என்று சொல்லி நம்ப வைத்தார்கள் என்பதே சரி. முன்பக்க பானட்டைக் காணோம். கூரையை நாலு விரற்கடை வெட்டி இறக்கியிருந்தார்கள். வண்டி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. உடம்பெல்லாம் துரு. இதற்கு 'ரேட் ராட்' என்று பெயர். ரேட் என்றால் இங்கே விலை இல்லை, எலி. (விலையையும் சொன்னார்கள். எலி விலை இல்லை.)

அமெரிக்கச் சங்கதி இது. அந்தக் காலத்தில் அங்கே காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, தேவையில்லாததைக் கழற்றி எறிந்து, கையில் கிடைத்த பெரிய எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். பிறகு அதுவே பணக்கார வித்தையாகி, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்துக் கண்காட்சியில் நிறுத்த ஆரம்பித்தார்கள். அதற்கு எதிர்ப்பாக வந்ததுதான் ரேட் ராட். பெயின்ட் வேண்டாம், பளபளப்பு வேண்டாம், வெல்டிங் தழும்பு தெரியட்டும் என்கிற கட்சி. எனக்குப் பிடித்த கட்சிதான்.

அதற்கு ஹெரால்டைவிடத் தோதான கார் கிடையாது. தனி சேஸிஸ், அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும், சேஸிஸ் சக்கரத்தோடு நிற்கும். இங்கிலாந்தில் இந்தச் சேஸிஸை வைத்து ஆளாளுக்கு வீட்டுக் கொல்லையில் கார் கட்டியிருக்கிறார்கள். தாம்பரத்துத் தம்பியும் அந்தக் கழற்றல் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார். திறந்து கிடக்கிற எஞ்சினும் அதைச் சுற்றிப் போகும் குழாய்களும் மறைக்காமல் விட்ட வெல்டிங்கும் அழகு. டிங்கரிங் தெரிந்த கை.

ஆனால் அந்தத் துரு?

"தொட்டுப் பாருங்க சார், கையில ஒட்டாது" என்றார். ஒட்டவில்லை. ஆசிட் தடவி, உப்புத் தண்ணீர் தெளித்து, துரு பூத்ததும் அதன் மேல் வார்னிஷ் அடித்திருக்கிறார். திருவான்மியூர், பாலவாக்கம்காரர்களிடம் துரு அழகு என்று சொல்லிப் பாருங்கள். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்து ஓய்ந்தவர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டு வாசலில் முழுகிய கார்களைப் பார்த்தவர்களிடமும் சொல்லிப் பாருங்கள். நான் காமர்ஸ் படித்தவன். தேய்மானத்தைக் கணக்கில் கழித்துத்தான் பழக்கம். காசு கொடுத்து வாங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, அது ரசனை, விட்டுவிடலாம். விட முடியாதது பின்கதவு.

இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டு செய்யவே இல்லை. அங்கே இரண்டு கதவுதான். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் குனிய வேண்டும். மடிசார் பாட்டியும் நாலு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு அது எப்படிச் சரிப்படும்? அறுபதுகளின் பிற்பகுதியில் பெருங்களத்தூரில்தான் நாலு கதவு ஹெரால்டு பிறந்தது. ஹெரால்டில் முதலில் கை வைத்தது நம் தொழிலாளிகள்தான். அந்தப் பின்கதவு இரண்டும் அவர்களுடையவை. தம்பி அவற்றைக் கழற்றிவிட்டு, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, மறுபடி இங்கிலாந்து வண்டியாக்கிவிட்டார். ஏன் என்று கேட்டால், "நாலு டோர்னா ஃபேமிலி கார் மாதிரி தெரியும் சார்" என்றார்.

ஃபேமிலி கார்தானேப்பா!

இன்னொன்று, இது ரசனை விஷயம் இல்லை, உயிர் விஷயம். ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி. அதை எடுத்துவிட்டு அம்பாசடருக்கு வந்த இசுசு எஞ்சினைப் போட்டிருக்கிறார். ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. ஆனால் பின் ஆக்ஸில் பழையதேதான். இரு பக்கமும் தனித்தனியாக ஆடுகிற ஆக்ஸில் அது. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1972-ல் இதே பெருங்களத்தூரில் ஹெரால்டைத் திருத்தி 'கேசல்' என்று விட்டபோது அந்த ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு, ஒரே துண்டாக உறுதியானதைப் போட்டார்கள். அம்பது வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரில் கண்டுபிடித்த வைத்தியம். அமெரிக்கப் படங்களை நூறு தடவை பார்த்தவர், இதை ஒரு தடவை விசாரித்திருக்கலாம்.

ரோட்டில் ஓட்டுவதும் சந்தேகம். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்பது வயசைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் தனி வின்டேஜ் பதிவு வந்தது. அதற்கும் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். ஆக, லாரியில் ஏறிக் கண்காட்சிக்குப் போய், லாரியில் திரும்பி வரும்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும். வெளியே வரும்போது ஷெட் சுவரோரம் அந்தப் பின்கதவு இரண்டும் சாய்ந்து கிடந்தன. கைப்பிடி சரியாக இருக்கிறது, கண்ணாடி ஏறி இறங்குகிறது. "இதை என்ன பண்ணப் போறீங்க?" என்றேன். "காயலான் கடைக்குத்தான் சார். வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

அடுக்குமாடி வீட்டில் நான் எங்கே வைப்பது? நாலு கதவு ஹெரால்டு வைத்துக்கொண்டு பின்கதவுக்காக அலைகிறவர்கள் யாராவது இருந்தால், உடனே பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இந்த மாசக் கடைசி வரை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.