கையொப்பமிட மறுத்த தகப்பன்: ஜோ அபேவிக்கிரமவின் நடிப்பு

சிங்களச் சினிமா பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் நெறியாளர்களைப் பற்றியே எழுதி வந்திருக்கின்றனர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், தர்மசேன பத்திராஜ, பிரசன்ன விதானகே ஆகிய பெயர்கள் நம் வாசகர்களுக்குப் பழக்கமானவை. நடிகர்கள் என்று வரும்போது காமினி பொன்சேகா, விஜய குமாரணதுங்க, மாலினி பொன்சேகா என்ற நட்சத்திரங்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. மேற்சொன்ன மூன்று நெறியாளர்களின் முக்கியமான படங்களில், கதையின் பாரத்தைத் தன் தோளில் தாங்கி நின்ற ஒரு குணசித்திர நடிகரைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. அவர் ஜோ அபேவிக்கிரம.

1927ஆம் ஆண்டு இரத்தினபுரி மாவட்டத்தின் லெலோபிட்டியவில் பிறந்தவர் அவர். 1950களின் பிற்பகுதியில் சினிமாவுக்குள் நுழைந்து, பிற்காலத்தில் தொலைக்காட்சி நாடகங்களிலும் தோன்றி, 2011 செப்டெம்பரில் தமது 84ஆவது வயதில் காலமானார். கதாநாயகனுக்கு வேண்டிய தோற்றம் அவருக்கு இருக்கவில்லை. சந்தையிலோ பஸ் தரிப்பிடத்திலோ நாம் தினமும் கண்டு மறந்துபோகும் ஒரு முகம் அது. அந்த முகத்துக்கு அன்றைய சினிமா ஒதுக்கிக் கொடுத்த இடம் நகைச்சுவை.

இந்த ஒதுக்கீட்டின் வேர் மேடையிலே இருக்கிறது. முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ' (1947) மினர்வா நாடகக் குழுவின் மேடை நாடகமொன்றின் திரைவடிவமே. அக்குழுவின் எடி ஜயமான்ன மேடையில் வளர்த்தெடுத்த கோமாளித்தனம் அப்படியே திரைக்கு வந்தது. பிறகு வந்த படங்கள் பலவும் தென்னிந்திய வார்ப்பிலே செய்யப்பட்டவை. கதாநாயகன் காதலிப்பான், வில்லன் கெடுப்பான், இடையிடையே நகைச்சுவைக்காரன் வந்து சிரிப்பூட்டிச் செல்வான். ஜோ சினிமாவுக்கு வந்தபோது அவருக்காகக் காத்திருந்தது இந்தக் கடைசி நாற்காலிதான். அவர் அதில் உட்கார்ந்தார், நெடுங்காலம் உட்கார்ந்தார். அக்காலப் படங்கள் சிலவற்றை இன்று பார்க்கும்போது சலிப்பே மிஞ்சுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தபடியே அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டார். சிரிக்கப்படுகிறவன், தான் சிரிக்கப்படுவதை அறிந்திருக்கிறான் என்பதுதான் அது.

திஸ்ஸ லியனசூரியவின் 'சரவிட்ட' (1965) இதற்கு முதற் சாட்சி. கொழும்புத் தெருவில் வெற்றிலை விற்கும் ஒருவனாக ஜோ வருகிறார். மற்றப் படங்களில் பாட்டுக்கும் சண்டைக்கும் நடுவே ஒட்டுப்போடப்படும் மனிதன், இங்கே படத்தின் நடுவே வந்து நிற்கிறான். சிரிப்பு குறையவில்லை. ஆனால் பிழைப்புக்காக அலையும் ஒருவனுக்குச் சிரிப்பு ஒரு தற்காப்பு என்பது நமக்கு மெல்லப் புரிகிறது.

டி.பி. நிஹால்சிங்கவின் 'வெலிகத்தர' (1971) சிங்களத்தின் முதலாவது சினிமாஸ்கோப் படம். வடபுலத்து மணற்பரப்பைப் பின்னணியாகக் கொண்டது. பொலிஸ் அதிகாரியாகக் காமினி பொன்சேகா. அவருக்கு எதிரே கடத்தல் தொழிலின் பெரும்புள்ளியான கோரிங் முதலாளியாக ஜோ. அக்காலத்தில் வில்லன் என்றால் உருட்டி விழித்துக் கர்ச்சிக்க வேண்டும். ஜோ அதைச் செய்யவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் விருந்தாளியை உபசரிக்கும் தோரணையில் பேசுகிறார். நகைச்சுவைப் படங்களில் பழகிய அதே இணக்கமான சிரிப்புத்தான். ஆனால் இப்போது அது நம்மை அச்சுறுத்துகிறது. அதிகாரத்துக்கும் பணத்துக்கும் சத்தம் போட வேண்டிய தேவை இல்லை என்பதை அவர் விளங்கியிருந்தார்.

பத்திராஜவின் 'பம்பரு எவித்' (1978) கற்பிட்டிக் கரையோரத்தில் நிகழ்கிறது. தமிழ் பேசும் மீனவர்களும் முஸ்லிம்களும் வாழும் அந்தக் கரையை நம்மில் பலர் அறிவோம். நகரத்திலிருந்து வரும் விக்டர் (விஜய குமாரணதுங்க) மீன் வியாபாரத்தில் தலையிட, அதுவரை அந்தக் கரையில் செல்வாக்கோடிருந்த அன்டன் ஐயாவுக்கும் அவனுக்கும் மோதல் மூள்கிறது. அன்டனை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ கூற முடியாதபடி ஜோ நடித்திருக்கிறார். தன் காலத்துக்கடியில் மணல் நழுவுவதை உணரும் ஒரு பழைய மனிதனின் முறுக்கு அது.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இவரிடம் கண்டது வேறொன்று. 'தெஸ நிஸா'வில் (1972) பிறர் அருவருக்கும் தோற்றமுடைய ஒருவன் கண் தெரியாத பெண்ணை மணக்கிறான். அவளுக்குப் பார்வை கிடைத்தால் தன்னை எப்படி ஏற்பாள் என்ற பயமே அவனது வாழ்வாகிறது. கதையின் கட்டமைப்பில் நாட்டார் கதைச் சாயல் தூக்கலாக இருப்பதால் ஜோவின் நடிப்பு அதற்குள் சிறைப்பட்டுப் போகிறது என்பது என் கருத்து. 'பெத்தேகம'வில் (1980) அந்தச் சிறை இல்லை. ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவலின் திரைவடிவம் அது. காட்டையும் வேட்டையையும் தவிர வேறெதுவும் அறியாத சிலிந்துவாக ஜோ வருகிறார். ஆராச்சியும் கடன்காரனும் சேர்ந்து குடும்பத்தை நெருக்க, ஒரு கட்டத்தில் அவன் துவக்கைத் தூக்கி இருவரையும் சுடுகிறான். கோபாவேசத்தின் உச்சம் என்று வேறு நடிகர்கள் கொள்ளக்கூடிய இந்த இடத்தை, பெருங்களைப்பின் முடிவாக ஜோ காட்டுகிறார். சட்டத்தின் முன் நிற்கும்போது அந்த மனிதனுக்குத் தான் செய்தது விளங்குகிறது. தன்னை விசாரிக்கும் பாஷைதான் விளங்கவில்லை.

அவரது நடிப்பின் சிகரம் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). வறண்ட வலயத்துக் கிராமமொன்றில் வாழும் பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. போர்முனையில் இறந்ததாகச் சொல்லப்படும் அவரது மகன், முத்திரையிட்ட சவப்பெட்டியில் வீடு வந்து சேர்கிறான். பெட்டியைத் திறக்க அனுமதியில்லை. நட்டஈட்டுக்கான படிவத்தில் கையொப்பம் வேண்டும். வீட்டில் வறுமை, கடன், மகள் கல்யாணத்துக்குக் காத்திருக்கிறாள். எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். வன்னிஹாமி மறுக்கிறார். கடைசியில் புதைகுழி தோண்டப்படுகிறது. பெட்டிக்குள் கற்களும் வாழைத்தண்டுத் துண்டுகளும் கிடக்கின்றன.

இந்தப் பாத்திரத்தை ஜோ எப்படிச் செய்கிறார் என்பதைக் கூர்ந்து அவதானிக்க வேண்டும். குருடராக நடிப்பவர்கள் வழக்கமாகத் தடுமாறிக் காட்டுவார்கள். வன்னிஹாமி தடுமாறுவதில்லை. பொல்லை ஊன்றிக் குளத்தங்கரைக்குப் போகும் பாதை அவரது காலுக்குத் தெரியும். பார்வையுள்ளவர்கள்தாம் படத்தில் தடுமாறுகிறார்கள். அவர் அழுவதில்லை, வாதாடுவதுமில்லை. பிறர் பேசும்போது தலையை இலேசாகச் சாய்த்துக் கேட்கிறார். அந்தச் சாய்வில் மரியாதை இருக்கிறது, சம்மதம் இல்லை. கண்கள் என்ற ஆயுதத்தை முற்றாகக் கீழே வைத்துவிட்டு, கழுத்தாலும் கைவிரல்களாலும் மௌனத்தாலும் ஒரு படத்தை நடத்திச் செல்வது சாதாரண காரியமல்ல. 1999இல் சிங்கப்பூர் சர்வதேசத் திரைப்பட விழாவில் இதற்காக அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நாட்டிலோ 2000ஆம் ஆண்டில் படத்தின் திரையிடலை அரசு தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே மக்கள் அதைப் பார்க்க முடிந்தது.

ஒரு சிப்பாயின் தகப்பனுக்காகத் தமிழ் பேசும் மக்களாகிய நாம் ஏன் உருக வேண்டும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கான விடையை எங்கள் அனுபவமே தந்துவிட்டது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார், நட்டஈடும் மரணச் சான்றிதழும் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கொல்லப்பட்ட காத்தான்குடி மக்களின் உறவினர்கள், மையித்துகளைத் தோண்டியெடுத்து முறைப்படி அடக்கக் கேட்டார்கள். 2020இல் கொவிட் தொற்றால் மௌத்தானவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தபோது, கபுறுக்கு வழியின்றி நம் குடும்பங்கள் நின்றன. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கும் வரை அந்த நிலை நீடித்தது. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கும் உரிமையை அதிகாரம் ஒரு படிவத்தால் மறைக்கும்போது, வன்னிஹாமியின் சாய்ந்த தலை எந்தச் சமூகத்துக்குச் சொந்தமானது? இந்தத் துயரங்கள் ஒன்றுக்கொன்று சமம் என்று நான் கூற வரவில்லை. ஒன்றை விளங்கியவருக்கு மற்றொன்று விளங்காமற் போகாது என்றே கூறுகிறேன்.

தமிழ்மொழி மூலப் பாடசாலையொன்றில் படிப்பிப்பவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகள் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கிறார்கள். விண்ணப்பம் நிரப்பவும் பரீட்சையில் சித்தியடையவுமே அது பயன்படுகிறது. அயல்மொழி பேசுபவனின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அது ஒரு சாளரமாக வேண்டுமானால், ஜோ அபேவிக்கிரமவின் படங்களைப் போலச் சிறந்த பாடநூல் வேறில்லை. வெற்றிலைக்காரன், கடத்தல் முதலாளி, மீன்வாடிக்காரர், வேட்டைக்காரன், குருட்டுத் தகப்பன் என்று இந்நாட்டின் எளிய சிங்கள மனிதனை அவர் நமக்குப் பகுதி பகுதியாக அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறார்.

கதாநாயகர்கள் மக்களின் கனவுகளை நடித்தார்கள். கடைசி நாற்காலியிலிருந்து எழுந்து வந்த இந்த நடிகர், அம்மக்கள் எதை நம்ப மறுத்தார்கள் என்பதை நடித்துக் காட்டினார். குணசித்திர நடிப்புக்கு இதைவிடப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.