அவஸ்தை என்னும் சொல்

சிங்கப்பூர் ஓபிர் ரோட்டில் 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து மாதா கோயில், நோயாளிகள் நலந்தேடிச் செல்லும் பிரான்சு தேசத்துப் பதியின் பெயரைத் தாங்கியது. அப்பெயரைப் போற்றும் தமிழ்க் குடும்பங்கள், நோயாளிக்கென்றே ஏற்பட்ட திருத்தைலத்தைக் கண்டு நெடுங்காலம் அஞ்சி வந்தது விந்தையன்றோ? மருத்துவர் வாயிலில் நுழைந்தால் சுற்றத்தார் முகம் மலரும். எண்ணெய்ச் சிமிழுடன் குருவானவர் நுழைந்தாலோ அழுகை கிளம்பும். நாம் சடங்குகளிற் பெரும் பற்றுடையோமல்லோம். ஆயினும் இவ்வச்சத்திற்குச் சடங்கைக் காட்டிலும் அதன் பெயரே காரணம் என்பது நம் அபிப்பிராயம். "அவஸ்தைப்பூசுதல்" என்பது அப்பெயர்.

வடமொழியில் அவஸ்தை என்றால் நிலை என்றே பொருள். தமிழர் நாவில் அது துன்பமாயிற்று. கத்தோலிக்கத் தமிழில் மரணத் தறுவாயாகவே முடிந்தது. லத்தீன் திருச்சபை வழங்கிய பெயரும் "கடைசிப் பூசுதல்" என்பதே. ஆகையால் மொழிபெயர்த்தோரை மட்டும் நோவது நியாயமன்று.

மூலம் என்ன சொல்கிறது? யாகப்பர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், நோயுற்றவன் சபையின் மூப்பரைத் தானே அழைக்கவேண்டுமென்றும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க, ஆண்டவர் அவனை எழுப்புவாரென்றும் காண்கிறோம். அழைப்பவன் நோயாளி! நினைவு தப்பி, நாவடங்கிக் கிடப்பவன் எவரை அழைப்பான்? "இப்போதே சாமியாரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துபோவார்" என்று பிள்ளைகள் நாள் கடத்துவதில் அன்பு உண்டு. நோயாளியின் ஆறுதலை அவனறியாமலே பறிக்கும் அன்பு அது.

1551-ல் திரெந்து சங்கமுங்கூடச் சாகுந் தறுவாயினரை விசேஷமாகக் குறித்ததேயன்றி மற்ற நோயாளரை விலக்கவில்லை. வழக்கமோ விசேஷத்தையே விதியாக்கிவிட்டது. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நோயாளரைப் பூசுதல் என்பதே அதிகப் பொருத்தமான பெயரென உரைத்தது; 1972-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் சடங்கையே திருத்தினார்.

பழைய ஜெபம் கண், செவி, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வோருறுப்பாய்த் தொட்டு, அதனாற் செய்த பாவத்திற்கு மன்னிப்புக் கேட்கும். அதுவும் பாமரர்க்கு விளங்காத லத்தீனில். கணக்கப்பிள்ளை பேரேட்டை முடித்துக் கட்டுவது போன்ற வாசகம்! புதியதோ நெற்றியையும் கைகளையும் மட்டும் தொட்டு, பாவ விடுதலையோடு ஆவியானவரின் துணையையும் நோயாளியின் எழுச்சியையும் வேண்டுகிறது; அவரவர் மொழியிற் சொல்லலாம். ஒலிவ எண்ணெய் கிடையாவிடத்து வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்ற சலுகையை நாம் மிகவும் மெச்சுகிறோம்.

தமிழிலே இப்போது வழங்கும் "நோயிற்பூசுதல்" என்னும் பெயர் குற்றமற்றதென்று சொல்லோம். நோயின்மேற் பூசுவதோ என்று மயங்க அது இடந்தரும். ஆனால் அதனுள் பாடை இல்லை. லூர்து மாதாவின் திருநாளாகிய பிப்ரவரி 11, 1993 முதல் உலக நோயாளர் தினமுமாயிற்று. பல கோயில்களில் அன்று நோயாளர் கூடித் தைலம் பெறுகின்றனர். தம் காலாலேயே நடந்து சென்று, நெற்றி காட்டி, வீடு திரும்பிக் கஞ்சி குடிக்கும் முதியவரைப் பார்த்து, "அவஸ்தை பூசியாச்சா?" என்று கேட்கும் பாட்டிமார் இன்னும் நம்மிடையே உளர்.