பேட்டரி கார்: வேகம் போதும், படியைத் தாழ்த்துங்கள்

நான் டேப் வைத்து அளந்த பேட்டரி காரில், கால் வைத்து ஏறும் தளம் தரையிலிருந்து 31 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டர்தான். முழங்கால் தேய்ந்தவர்களுக்காகவே விடப்பட்ட வண்டி, ஏறக்குறைய இரண்டு படிகளை ஒரே எட்டில் ஏறச் சொல்கிறது. மோட்டார், பேட்டரி, பிரேக் எல்லாம் பிறகு பேசலாம். முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

சென்னை சென்ட்ரல் போன்ற பெரிய ரயில் நிலையங்களிலும், ஸ்ரீரங்கம் போன்ற பெரிய கோயில்களிலும் முதியவர்களை ஏற்றிச் செல்லும் ஆறு இருக்கை வண்டியைத்தான் சொல்கிறேன். அதன் தேவையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 22 எல்.எச்.பி. பெட்டிகள் கோத்த ரயில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். ஸ்ரீரங்கம் கோயில் வளாகம் 156 ஏக்கர். நடக்கச் சிரமப்படும் ஒருவர் இந்த வண்டி இல்லையென்றால் பயணத்தையோ தரிசனத்தையோ விட்டுவிடுவார்; கேட்டால் “உடம்பு சரியில்லை, நீங்க போய்ட்டு வாங்க” என்பார். எத்தனை வீடுகளில் கேட்ட பேச்சு அது!

ஓட்டுவதில் பெரிய குறை இல்லை. வளாகம் ஒன்றில் அனுமதி வாங்கி இரண்டு வண்டிகளை நானே ஓட்டிப் பார்த்தேன். அடிப்படையில் இது கோல்ஃப் மைதானத்து வண்டி. இருக்கைக்கு அடியில் 48 வோல்ட் ஈய-அமில பேட்டரித் தொகுப்பு. அது மட்டுமே 150 கிலோவுக்கு மேல். அந்தக் கனம் தாழ்வாகவே இருப்பதால் திருப்பத்தில் வண்டி ஆடுவதில்லை. சாய்தளத்தில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஏ.சி. மோட்டார் வண்டியில் மின்காந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டது. பழைய டி.சி. மோட்டார் வண்டியோ பின்னால் உருளத் தொடங்கியது, பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. முதியவர்களை ஏற்றும் இடத்தில் இந்த இரண்டாவது வகையை இனி வாங்கவே கூடாது. சாயங்காலம் சார்ஜ் இறங்கிய பிறகு ஆறு பேரோடு மேடேறினால் இழுவை குறைவது தெரிகிறது. லித்தியம் பேட்டரி போட்டால் எடை பாதிக்கும் கீழே குறையும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் மிச்சம். விலைதான் கூடுதல்.

இனி இருக்கைகள். நான்கு இருக்கைகள் முன்னோக்கியும், கடைசி இரண்டு பின்னோக்கியும் இருக்கும். தென்மாவட்டச் சந்திப்பு ஒன்றில் அம்மாவுக்குக் கிடைத்தது பின்னோக்கிய இருக்கை. “கால எங்கடா வைக்கிறது?” என்றுதான் முதலில் கேட்டார். கால் பலகை இருந்தது, ஆனால் அவர் உயரத்துக்குப் பாதம் முழுதாகப் பதியவில்லை. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சிறு கம்பி. பெல்ட் இல்லை. வண்டி கிளம்பியதும் அவர் உடம்பு முன்பக்கமாகத் தூக்கிப் போட்டது, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இதில் ஓட்டுநரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னோக்கி உட்கார்ந்தவரை, வண்டி கிளம்பும்போது முதுகுச் சாய்மானம் தாங்கிக்கொள்ளும். பின்னோக்கி உட்கார்ந்தவருக்கு அதே விசை அவரைச் சாய்மானத்திலிருந்து பிரித்து வெளியே, திறந்த பக்கத்துக்குத் தள்ளும். மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவையைத் தரக்கூடியது என்பதால் அந்த முதல் உதறல் பெட்ரோல் வண்டியைவிடக் கூர்மையாக இருக்கும். கன்ட்ரோலரில் முடுக்கத்தைக் குறைத்து அமைக்க முடியும், அமைக்கத்தான் வேண்டும். மடியில் ஒரு பெல்ட், மார்புக்கு முன்னால் இறக்கி விடும் ஒரு கம்பி: இரண்டும் எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய வேலை.

வண்டியை அழைப்பது அடுத்த சிக்கல். தொலைபேசி எண்ணை வண்டியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டி எதிரில் வந்தால்தான் எண் தெரியும். அது நுழைவாயிலில், பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். சென்ட்ரல் போன்ற முனையங்களில் எல்லாப் பிளாட்பாரங்களும் ஒரே மட்டத்தில் ஒரு முனையில் கூடுவதால் வண்டி எதற்கும் போய்விடும். ரயில்கள் ஊடே கடந்து போகும் சந்திப்புகளில் தண்டவாளத்தைத் தாண்டும் பாதைக்காகக் காத்திருக்க நேரும். அங்கே கடைசி நிமிடத்தில் வருகிறவர்களுக்கு இந்த வண்டி உதவாது.

வாசலோடு இதன் எல்லை முடிகிறது என்பதுதான் என் பெரிய ஆதங்கம். கோல்ஃப் வகை வண்டிகளுக்குச் சாலையில் ஓடும் வகை ஒப்புதல் கிடையாது. சாலைக்கு வர இங்கே இருக்கும் ஒரு வழி, நான்கு பயணிகளை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர இ-ரிக்‌ஷா. ஜப்பான் இதைத் தனி வகையாகவே யோசித்தது. மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறைவாக, பொதுச் சாலையில், நான்கு பேருக்குக் குறையாமல் ஏற்றிச் செல்லும் மின்வண்டிகளை ‘கிரீன் ஸ்லோ மொபிலிட்டி’ என்ற பெயரில் 2018 முதல் அந்நாட்டு அரசு ஊக்குவித்து வருகிறது. ஃபுக்குயாமா நகரத்தின் தோமோனோஉரா பழைய துறைமுகப் பகுதியில், கார் நுழையச் சிரமப்படும் சந்துகளில், 2019இல் இவை டாக்சியாகவே ஓடத் தொடங்கின. எய்ஹெய்ஜி ஊரில் கைவிடப்பட்ட ரயில் பாதைத் தடத்தில், தரையில் பதித்த மின்காந்தக் கம்பியைத் தொடர்ந்து 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநர் இல்லாமலே 2023இல் ஓடத் தொடங்கியதும் இதே கோல்ஃப் வகை வண்டிதான். வண்டி புதிதல்ல, விதிதான் புதிது. நம் ஊர்களில் ரேஷன் கடைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், பஸ் ஸ்டாண்டுக்கும் இப்படி ஒன்று ஓடக் கூடாதா?

என் தீர்ப்பு: மோட்டாருக்கும் பிரேக்குக்கும் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஏறி இறங்கும் வசதிக்குப் போட முடியாது. டெண்டர் எழுதுகிற அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் சக்தியையும் பேட்டரி உத்தரவாதத்தையும் கேட்கும் அதே தாளில், முதல் படி 18 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, எல்லா இருக்கையும் முன்னோக்கியே இருக்க வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள்.

அதுவரை, பெற்றோரை ஏற்றிவிடுகிறவர்கள் நடு வரிசை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். பின்னோக்கிய இருக்கை மட்டும் காலியாக இருந்தால், அடுத்த வண்டி வரும்வரை காத்திருங்கள்.