இல்ல இதழ்களும் எச்சரிக்கை மனமும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது பழமொழி. இரண்டும் பெருஞ்செலவு வைப்பவை. ஒருமுறை செய்தபின் எளிதில் மாற்ற இயலாதவை. அதனால்தான் பழமொழி எச்சரிக்கையாகவே பேசுகிறது. இந்த எச்சரிக்கை உள்ளவர்களே வீட்டழகு பற்றிய இதழ்களை விடாது வாங்குகின்றனர் என்பது முதலில் வியப்பாகத் தோன்றும். செலவுக்கு அஞ்சுகிறவன் செலவைத் தூண்டும் ஏட்டை ஏன் படிக்கிறான்? அதற்கு விடை காணக் கெடா மாநிலத்துத் தோட்டங்களும் நகரங்களும் உதவுகின்றன.

இவ்வகை இதழ்கள் மேலை நாட்டில் தோன்றியவை. அமெரிக்காவில் 'குட் ஹவுஸ்கீப்பிங்' 1885-லும், 'ஹவுஸ் பியூட்டிபுல்' 1896-லும் வெளிவரத் தொடங்கின. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஆசிரியர் எட்வர்டு பாக், 1895 முதல் நடுத்தரக் குடும்பத்தார் கட்டத்தக்க வீடுகளின் வரைபடங்களை வெளியிட்டார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் வரைந்த வீடொன்று அவ்விதழில் 1901-இல் வந்தது. அதன் முழு வரைபடத்தை ஐந்து டாலருக்குப் பெறலாம். கட்டடக் கலைஞரை அமர்த்தப் பொருள் இல்லாதவனுக்கும் அவருடைய அறிவில் ஒரு பங்கு கிடைத்தது. ஆகவே இவ்விதழ்களின் பிறப்பில் பகட்டு மட்டும் இல்லை. தவறு செய்துவிடுவோமோ என்று அஞ்சிய எளிய மனிதனுக்குத் துணை நிற்கும் நோக்கமும் இருந்தது.

கெடாவுக்கு வருவோம். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஆயினும் அவர்கள் வாழ்ந்த லயத்து வீடு அவர்களுடையதன்று; அது தோட்டத்துக்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். சுவரில் ஆணி அடிக்கலாம், பழைய இதழ்களின் வண்ணப் படங்களை ஒட்டலாம், வாசலில் கறிவேப்பிலையும் முருங்கையும் வைக்கலாம். சுவரை இடித்து ஒரு சன்னல் வைக்க உரிமை இல்லை. வீட்டை அழகு செய்யும் ஆசை இருந்தது, வீடுதான் இல்லை.

1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது இந்நிலையின் கொடுமை வெளிப்பட்டது. பெருந்தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட, பாட்டாளிகள் வேலையோடு கூரையையும் இழந்தனர். இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தால் மண்ணுக்கு உரியவர் ஆகலாம் என்ற பாடத்தை இம்மாநிலம் அன்றே கண்டது.

பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்தில் பிறந்தவர் பிள்ளைகள் நகரத்துத் தாமான்களில் வரிசை வீடு வாங்கினர். 1982-இல் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று வரையறுக்கப்பட்டது. ஊழியர் சேமநிதியும், நகைச் சீட்டும், கூட்டுப் பணமும் அதில் கரைந்தன. பல குடும்பங்களில் பெயரில் பத்திரம் உள்ள முதல் வீடு அது. முன்னோர் எவரும் வீட்டுக்காரராக இருந்து பார்த்ததில்லை. எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எந்தச் சுவரை இடிக்கலாம் என்று சொல்லித் தர வீட்டில் பெரியவர் இல்லை. அந்தப் பெரியவரின் இடத்தில் இதழ் வந்து அமர்ந்தது.

இதற்கு மூத்த உறவு ஒன்று தமிழில் உண்டு. அது மனையடி சாத்திரம். அறையின் நீள அகலம் இத்தனை அடியானால் நன்மை, இத்தனை அடியானால் கேடு என்று கூறும் அச்சிறு நூல் பஞ்சாங்கத்தோடு சேர்ந்து கடல் கடந்தது. அதன் கணக்கை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்க, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதே கருதத்தக்கது. துணிந்தவன் அதைத் தேடுவதில்லை. கையில் உள்ளதை ஒரே முறை செலவிடப் போகிறவனே தேடுகிறான். ஏழடி ஆகாது என்று சாத்திரமும், சிறிய அறையில் கருநிறம் ஆகாது என்று இதழும் ஒரே மனத்தோடுதான் பேசுகின்றன.

இங்கேதான் இல்ல இதழின் நிலையான கவர்ச்சி விளங்குகிறது. பழமொழி 'கட்டிப் பார்' என்கிறது. இதழோ கட்டாமலே பார்க்க விடுகிறது. அடுப்படியைப் பின்னுக்குத் தள்ளி, நடுச்சுவரை எடுத்து, தரைக்கு ஓடு பதித்து, அது பிடிக்காமல் போனால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். காகிதத்தில் செய்த தவற்றுக்குக் கொத்தனார் கூலி இல்லை. எச்சரிக்கையான வீட்டுக்காரர் இதழைப் படிப்பது செலவு செய்ய அன்று, செலவை ஒத்திப்போடவே. பத்தாண்டுப் பழைய இதழும் அவர் பெட்டியில் பத்திரமாக இருப்பதன் காரணம் அதுவே.

ஆயினும் இவ்விதழ்கள் அந்த நம்பிக்கைக்கு முற்றும் தகுதியுடையன அல்ல. அவற்றின் படங்களில் மனிதர் இல்லை. காயும் துணி இல்லை. மாவரைக்கும் கல் இல்லை. பூசையறையில் எண்ணெய்க் கறை இல்லை. முடிந்த வீட்டைக் காட்டுகின்றன; முடியுமுன் வந்த கடனைக் காட்டுவதில்லை. கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் வறண்ட வெயிலும், ஆண்டின் பிற்பகுதியில் கனமழையும் உண்டு. குளிர்நாட்டு வீட்டின் பெருங்கண்ணாடிச் சுவரை இங்கே வைத்தால் பிற்பகலில் அறை அடுப்பாகும். கறையானும் ஒழுக்கும் பளபளப்பான பக்கங்களில் அரிதாகவே இடம் பெறுகின்றன.

இதனினும் பெரிய குறை வேறு. உரிமம் பெற்ற வீடமைப்பாளரிடம் வாங்கும் புது வீட்டில், ஒப்படைத்த நாள் முதல் 24 மாதத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை அவரே தம் செலவில் திருத்த வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தம் கூறுகிறது. வழக்கு எழுந்தால் முறையிட வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் 2002 முதல் இருக்கிறது. பின்புறம் அடுக்களையை நீட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். திரைச்சீலையின் நிறத்துக்கு நான்கு பக்கம் தரும் இதழ், சுவரில் விரிசல் கண்டால் யாருக்கு எழுதுவது என்பதற்கு நான்கு வரி தருகிறதா? லயத்தை விட்டு வந்தவருக்கு அழகினும் முந்தித் தேவைப்படுவது இவ்வறிவே.

அதனால் இல்ல இதழ்களை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவது முறையாகாது. ஐந்து டாலர் வரைபடம் போலப் பயன்படும் தமிழ்ப் பக்கம் ஒன்று தேவை: இருபதடி அகல வரிசை வீட்டின் உண்மையான படம், அதில் வாழும் குடும்பம், ஆன செலவு, நேர்ந்த தவறு, அதைத் திருத்திய வழி. பிறர் தவற்றை அறிந்து தன் தவற்றைத் தவிர்ப்பதே எச்சரிக்கையின் பயன். சன்னல் வைக்க உரிமையின்றி வாழ்ந்தவரின் பேரப்பிள்ளை, இன்று எங்கே சன்னல் வைப்பது என்று ஏடு புரட்டுகிறான். அந்தக் கேள்விக்கு அழகான படம் மட்டும் விடையாகாது. நேர்மையான கணக்கும் வேண்டும்.