கால் கால் சுற்றாக

சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரையும் அதன் பிராக்கெட்டையும் விலக்கிவிட்டால் பிரேக் டிஸ்க் கையோடு வந்துவிட வேண்டும். வடிவமைத்தவர்களின் கணக்கு அதுதான். வீல் நட்டுகள்தான் டிஸ்க்கையும் சக்கரத்தையும் சேர்த்து ஹப்பின்மேல் இறுக்கி வைக்கின்றன. அவை போனபின் டிஸ்க் சும்மா மாட்டியிருக்கும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. ஆனால் சென்னைக் கடலோரத்தில், கொட்டிவாக்கத்திலோ நீலாங்கரையிலோ பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் பார்த்த காரில் அந்தத் தட்டு அசையாது. பிடித்து இழுத்தால் கார் ஸ்டாண்டின்மேல் ஆடும், டிஸ்க் ஆடாது. எதையும் நோகடிக்காமல் அதை வரவழைக்கும் மெக்கானிக்கின் கையைப் பார்த்து நிற்பது எனக்குப் பெரிய இன்பம்.

டிஸ்க் பிரேக்கின் பெருமையே அது காற்றில் திறந்து கிடப்பதுதான். 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு வென்றபோது உலகம் கண்டுகொண்ட உண்மை அது: டிரம்முக்குள் அடைபடும் சூடு, டிஸ்க்கில் வெளிக்காற்றோடு போய்விடுகிறது. சூடு போகும் வழியிலேயே கடற்காற்றும் வருகிறது. பேட் உரசும் முகத்தில் ஒரே இரவில் படியும் துருவைப் பற்றிக் கவலையில்லை. காலையில் முதல் சில பிரேக்கிலேயே அது தேய்ந்து போகும். யாரும் தொடாத இடம் ஒன்று உள்ளே இருக்கிறது. டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பின் கழுத்தில் உட்காரும் வளையம் அது. அங்கே உள்ள இடைவெளி முடியளவுதான். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. பருத்ததற்குப் போக இடமில்லாததால் இருபுறமும் நெருக்கி இறுகிவிடுகிறது.

நல்ல மெக்கானிக்குக்கு இது தெரியும். தன் எதிரில் நிற்பது இரும்பு அல்ல, அந்த மெல்லிய துரு வளையம்தான் என்று தெரியும். துரு நொறுங்கும் பொருள். வெறும் அழுத்தத்துக்கு மசியாவிட்டாலும், அழுத்தத்தோடு அதிர்வும் சேர்ந்தால் விரிசல் விடும். வேலையின் அழகு முழுவதும் இந்த இரண்டையும் சேர்க்கும் விகிதத்தில் இருக்கிறது.

ஹோண்டா கார்களில் முதலில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூக்களைத் தாண்ட வேண்டும். தொழிற்சாலையில் சக்கரம் மாட்டும்வரை டிஸ்க் நழுவாமல் பிடிக்க வைத்தவை. பிரேக்கின் பாரம் அவற்றின்மேல் வருவதில்லை. ஆனாலும் துருவேறினால் இவற்றைப் போலப் பிடிவாதம் பிடிப்பவை வேறில்லை. சாதாரண ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகுபவர் தலையை மழுக்கிவிட்டு விழிப்பார். ஜப்பானிய ஸ்க்ரூத் தலையின் குறுக்குவெட்டு நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பிலிப்ஸ் முனைக்குச் சரியாகப் பொருந்துவதில்லை; முனை மேலே எழும்பி வெளியே வந்துவிடும். தேர்ந்த கை எடுப்பது இம்பாக்ட் டிரைவர். சுத்தியலால் அதன் பின்புறம் அடித்தால், அடி உள்ளே சுழற்சியாக மாறும். அதே அடி முனையைத் தலைக்குள் அழுத்தியும் பிடிக்கும். ஒரே தட்டில் அழுத்தம், அதிர்வு, திருகல் மூன்றும். அப்படியும் வராவிட்டால் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்துவிடலாம். டிஸ்க் வந்தபின் மிச்சத் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகினால் போதும்.

அதன்பிறகுதான் நான் காத்திருக்கும் கட்டம். டிஸ்க்கின் நடுவே, தொப்பி போல் எழும்பிய பகுதியில், மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவை எதையும் பிடித்து வைப்பதற்கானவை அல்ல. 1.25 மி.மீ. மரை கொண்ட 8 மி.மீ. போல்ட் இரண்டை அவற்றில் செலுத்தினால், நுனிகள் ஹப்பின் முகத்தில் முட்டும். மேலும் திருகத் திருக டிஸ்க் தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். கார் புதிதாக வெளிவரும் நாளிலேயே, என்றோ ஒருநாள் துருப்பிடிக்கும் என்று எண்ணி, கழற்றப்போகும் முகமறியாத ஒருவருக்காக இந்தத் துளைகளைப் போட்டு வைத்தார்களே, அந்த அக்கறைமேல் எனக்கு மாளாத மரியாதை உண்டு. இந்தத் துளைகள் இல்லாத கார்களும் உண்டு. அவற்றில் காலிப்பர் பிராக்கெட்டின் துளை வழியே நீள போல்ட்டையும் நட்டையும் மாட்டிப் பின்னாலிருந்து தள்ளுவார்கள். அதுவும் கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பாரம் ஒரு பக்கமே விழுகிறது. டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தால்தான் நேராக வரும்.

ஒரு பட்டறையில் பையன் ரேச்சட்டை வேகமாகச் சுற்றப்போனான். "அண்ணே, இன்னும் ரெண்டு சுத்து விடட்டுமா?"

"வேணாம்டா. கால் சுத்து. அப்புறம் அந்தப் பக்கம் ஒரு கால் சுத்து."

தொண்ணூறு பாகை இங்கே, தொண்ணூறு பாகை அங்கே. ஒரு பக்கமே ஏற்றினால் டிஸ்க் சாய்ந்து கழுத்தில் இன்னும் இறுகும். இரண்டும் இறுக்கமானதும் பட்டறைக்காரர் நிறுத்தினார். கழுத்தைச் சுற்றித் துருநீக்கி எண்ணெய் விட்டார். பிறகு வீல் போல்ட்டுகளுக்கு நடுவே, தொப்பியின்மேல், சுத்தியலால் அளவான தட்டு, சுற்றிலும். ஓங்கி அறைபவர்கள் நிறையப் பேர். அந்த அறை பின்னால் இருக்கும் பேரிங்கின் குண்டுகள் வழியே போய் ஓடுபாதையில் குழி விழச் செய்யும். டிஸ்க் வந்துவிடும், சில வாரத்தில் சக்கரம் முனகத் தொடங்கும். அதை வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது. இவர் தட்டினார், மறுபடி கால் சுற்று, மறுபடி தட்டல். "டப்" என்று ஒரு வெடிப்பு. வீல் போல்ட் ஒன்றில் நட்டை இரண்டு மரை ஏற்றி வைத்திருந்ததால் டிஸ்க் காலில் விழாமல் அதில் தொங்கியது.

சூடு காட்டுவது கடைசி வழி. 60 மி.மீ. துளையை 200 டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 0.13 மி.மீ. விரியும்; துருவின் பிடி விடுவதற்கு அது தாராளம். ஆனால் பக்கத்திலேயே பேரிங் கிரீஸும் ரப்பர் சீலும் ஏபிஎஸ் சென்சாரும் இருக்கின்றன. பின்சக்கர டிஸ்க்குக்குள் ஹேண்ட்பிரேக் ஷூ இருந்தாலோ, பிடித்திருப்பது துருவே அல்லாமல் ஷூவாகக்கூட இருக்கலாம். முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பார்ப்பவர்தான் விஷயம் தெரிந்தவர்.

டிஸ்க் வந்ததும் பலர் புதியதை மாட்ட ஓடுவார்கள். எனக்கு அதற்குப் பிந்திய கால் மணி நேரம்தான் கைத்திறனின் உரைகல். காலிப்பர் ஹோஸில் தொங்காமல் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா? ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை தேய்த்தாரா? அங்கே ஒரு துருத்துணுக்கு தங்கினாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். விளிம்பில் அந்த ஆட்டம் பெரிதாகும். 0.1 மி.மீ. என்பது பல கையேடுகள் தரும் வரம்பு. அதைத் தாண்டி ஓடினால் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறிப்போய், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறும். பழி புது டிஸ்க்கின்மேல் விழும்.

அந்தப் பட்டறைக்காரர் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். புது டிஸ்க்கின் காப்பு எண்ணெயைத் துடைத்தெடுத்தார். ஹப்பின் கழுத்தில் மட்டும், விரல்நுனியால், மெல்லிய பூச்சாகக் காப்பர் கிரீஸ். உரசும் முகத்திலும் வீல் போல்ட்டிலும் ஒரு பொட்டுகூட இல்லை. நட்டுகளை எதிரெதிராக 108 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினார். அடுத்தமுறை இந்த டிஸ்க்கைக் கழற்ற அந்த 8 மி.மீ. போல்ட்டுகள் தேவைப்படாது.