'தமிழ் கல்ச்சர்' காலாண்டிதழ் (1952–1966): ஒரு மறுமதிப்பீடு

தமிழாய்வு வரலாற்றில் சேவியர் தனிநாயக அடிகளின் பெயர் இரு நிகழ்வுகளோடு இணைத்தே பெரிதும் பேசப்படுகின்றது. 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியமை ஒன்று. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியமை மற்றொன்று. இவற்றிற்கு முன்பே, 1952இல், அடிகளார் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ் இந்நிகழ்வுகளின் முன்னுரையாக மட்டுமே கருதப்பட்டு, ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றது. அவ்விதழைத் தனித்ததோர் அறிவு முயற்சியாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வாறு மதிப்பிடப் புகும்போது ஒரு வினா எழுகின்றது. கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் தொடங்கி வளர்த்த இவ்விதழைக் கத்தோலிக்க இதழ் எனல் பொருந்துமா? இவ்வினாவிற்கு இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. தமிழுணர்வாளர் சிலர் அடிகளாரின் குருத்துவத்தைத் தற்செயலான ஒன்றாகக் கொண்டு ஒதுக்குவர். திருச்சபை சார்ந்தோர் சிலர் இதழையே சபையின் தமிழ்த்தொண்டுப் பட்டியலில் சேர்ப்பர். இரு விடைகளும் இதழைப் படிக்காமலே சொல்லத்தக்கவை என்பது நம் கருத்து.

சமய இதழ் என்பதன் பொருளை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். யாழ்ப்பாணத்தில் 1876இல் தோன்றிய 'சத்திய வேத பாதுகாவலன்' போன்ற ஏடுகள் சபை மக்களுக்காகத் தமிழில் எழுதப்பட்டவை. விசுவாசத்தைக் காப்பது அவற்றின் கடமை. 'தமிழ் கல்ச்சர்' இதற்கு நேர்மாறானது. அதன் வாசகர் சபைக்கு வெளியே இருந்தனர். பலர் தமிழுலகிற்கே வெளியே இருந்தனர். சங்க இலக்கியமும் சைவ வைணவ பக்தி இலக்கியமும் அதில் பெற்ற இடத்தைக் கிறித்தவ இலக்கியம் பெறவில்லை. ஆகவே பொருள் அடிப்படையில் அதனைச் சமய இதழ் என்றல் பொருந்தாது.

ஆயினும் ஆய்வுமுறை அடிப்படையில் நோக்கினால் அடிகளாரின் குருத்துவப் பயிற்சி இதழெங்கும் புலப்படுகின்றது. அவர் முதலில் இறையியல் பயின்றவர். உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகக் கற்றார். இலத்தீன் வழியாகத் தமிழுக்கு வந்தவர் அவர் எனலாம். சங்கப் பாடல்களின் இயற்கைப் புனைவைக் கிரேக்க, உரோமானியக் கவிஞரின் புனைவுகளோடு ஒப்புநோக்கும் அவரது ஆய்வு இதன் விளைவே. சமற்கிருதம் ஒன்றையே உரைகல்லாகக் கொண்டு தமிழ் மதிப்பிடப்பட்டு வந்த காலத்தில் வேறோர் உரைகல்லை அவர் முன்வைத்தார்.

இரண்டாவது, ஆவணத் தேடல். 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் வினாவிடை நூல், அந்தோம் தெ புரோயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துகேய அகராதி ஆகியன ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக் கிடந்தன. வத்திக்கான் நூலகத்தில் அடிகளார் கண்ட அவ்வகராதி 1966இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வெளியீடாக மறுபதிப்புப் பெற்றது. ஐரோப்பிய நூலகங்களிலுள்ள தமிழ்ச் சுவடிகளையும் முதல் தமிழ் அச்சு நூல்களையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 'தமிழ் கல்ச்சர்' இதழிலேயே வெளிவந்தன. சமயப் பரப்புரைக்கென உருவான நூல்களை அவர் மொழி வரலாற்றுச் சான்றுகளாக மாற்றிக் காட்டினார். மறைப்பணியாளரின் ஏட்டறைகளை அறிந்த ஒருவரால் எளிதாகவும், பிறரால் அரிதாகவும் செய்யத்தக்க பணி இது.

மூன்றாவது, அறிஞர் தொடர்பு. செக் நாட்டுக் கமில் சுவெலபில், பிரான்சின் ழான் பிலியோசா ஆகியோரின் கட்டுரைகள் இவ்விதழில் இடம்பெற்றன. பின்னர் மன்றம் அமைந்தபோது பிலியோசா அதன் தலைவரானார். சுவெலபிலும் அடிகளாரும் செயலாளர் பொறுப்பேற்றனர். மன்றத்தின் உறுப்பினர் பட்டியல் இதழின் பொருளடக்கத்தில் முன்னரே எழுதப்பட்டிருந்தது எனின் மிகையாகாது.

இவ்வளவும் பெருமைக்குரியன. எனினும் பாராட்டோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது. இதழின் குறைகளும் அதன் சிறப்புகள் தோன்றிய அதே இடத்திலிருந்தே தோன்றுகின்றன.

ஆங்கிலத்தை ஊடகமாகக் கொண்டமையால் தமிழ் உலகின் கவனத்திற்கு வந்தது. அதனாலேயே தமிழாசிரியர்க்கு எட்டாமலும் போயிற்று. மலாயாவின் தோட்டப் பள்ளிகளில் தமிழ் கற்பித்த ஆசிரியர் பலர் தமிழ்வழியே பயின்றவர். தம் மொழியைக் குறித்து உலகறிஞர் நடத்திய உரையாடல் அவர்தம் கைக்கு வரவில்லை. தமிழின் தொன்மையைப் பிறர்க்கு மெய்ப்பிக்கும் ஆர்வம் மேலோங்கியமையால் சில கட்டுரைகளில் சான்றினும் பெருமிதமே முந்தி நிற்கின்றது. இக்கால இலக்கியத்திற்குக் கிடைத்த இடமும் சிறிது. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆக்கப்பட்ட சூழலில் மொழியுரிமை குறித்து அடிகளார் இவ்விதழில் எழுதினார். அத்தகைய நிகழ்காலக் குரல் இதழின் பொதுப்போக்காக வளர்ந்திருப்பின் அதன் பயன் மேலும் விரிந்திருக்கும்.

மற்றொரு குறை அமைப்பு சார்ந்தது. தமிழ்ப் பண்பாட்டுக் கழகமும் ஆசிரியர் குழுவும் துணைநின்ற போதிலும் இதழின் உயிர்ப்பு அடிகளார் ஒருவரையே பெரிதும் சார்ந்திருந்தது. 1952 முதல் 1966 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்தவை பன்னிரண்டு தொகுதிகளே. 1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். பின்னர் மன்றப் பணியும் மாநாட்டுப் பணியும் சேர்ந்தன. மாநாடு நிகழ்ந்த 1966ஆம் ஆண்டே இதழின் இறுதி ஆண்டும் ஆனது. 1969இல் மன்றத்தின் சார்பில் புதிய ஆய்விதழ் பிறந்தது உண்மையே. ஆனால் மன்றத்தின் இதழ் வேறு. ஒருவர் தம் நோக்கத்திற்கென நடத்திய இதழ் வேறு. முன்னதில் அமைப்பின் வலிமை உண்டு. பின்னதில் இருந்த தேடலின் வேகம் அதில் அப்படியே தொடர்தல் அரிது.

எனவே 'தமிழ் கல்ச்சர்' சமயத்தைப் பரப்பிய இதழுமன்று, சமயத்தோடு தொடர்பற்ற இதழுமன்று. ஒரு சமயக் கல்வி தந்த மொழிகளையும் ஏடுகளையும் உறவுகளையும் சமயம் கடந்ததோர் ஆய்வுக்குக் கருவியாக்கிய இதழ் அது. இன்று தமிழில் ஆய்விதழ் நடத்துவோர்க்கு அதன் வரலாறு இரு கடமைகளை உணர்த்துகின்றது. உலகறிஞரோடு பேசும் பொருளைத் தமிழாசிரியரோடும் தமிழிலே பேசுதல் வேண்டும். ஒருவர் தொடங்கியதைப் பலர் சுமக்கும் ஏற்பாட்டை அவர் களைத்துப் போகுமுன்பே செய்தல் வேண்டும். அப்பன்னிரண்டு தொகுதிகளிலும் சிறந்த கட்டுரைகளைத் தெரிந்தெடுத்து, சான்றில் வழுவுள்ள இடங்களைச் சுட்டும் குறிப்புகளோடு தமிழாக்கம் செய்வது இவ்விரு கடமைகளுக்கும் நல்லதோர் தொடக்கமாக அமையும்.