ஃபெதர்ட் புறக்கணிப்பு: ஒரு சிற்றூரின் சமயப் பூசலை ஆராய்தல்

அயர்லாந்தின் சமயப் பூசல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பெல்ஃபாஸ்ட், டெரி முதலிய வட நகரங்களையே நாடிச் செல்வர். அங்கே இறந்தோர் பட்டியலும் விசாரணை அறிக்கைகளும் சான்றுகளாகக் கிடைக்கின்றன. ஒருவரும் உயிரிழக்காத பூசல் ஒன்று சிற்றூரில் நிகழ்ந்திருப்பின் அதனை எவ்வாறு ஆராய்வது? தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்டு மாவட்டக் கடலோரத்திலுள்ள ஃபெதர்ட் என்னும் ஊரில் 1957ஆம் ஆண்டு நடந்த புறக்கணிப்பை முன்வைத்து இவ்வினாவை அணுக முற்படுகிறோம்.

நிகழ்ச்சி இதுதான். கத்தோலிக்கரான ஷான் குளோனியும் புராட்டஸ்தாந்துப் பெண்ணான ஷீலாவும் 1949இல் இலண்டனில் மணந்துகொண்டனர். 1908 முதல் நடைமுறையிலிருந்த ‘நே தெமெரே’ ஆணையையொட்டி, பிள்ளைகள் கத்தோலிக்கராகவே வளர்க்கப்படுவர் என்று ஷீலா உறுதிமொழி தந்திருந்தார். மூத்த மகளைக் கத்தோலிக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் எனப் பாதிரியார்கள் வற்புறுத்தவே, 1957 ஏப்ரல் 27ஆம் நாள் அவர் இரு பெண்மக்களோடு ஊரைவிட்டு வெளியேறினார். பெல்ஃபாஸ்ட் வழியாக ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளைச் சென்றடைந்தார். ஊர்ப் புராட்டஸ்தாந்தினரே அவருக்குத் துணைநின்றனர் என்ற ஐயத்தில், மே 13 முதல் அவர்களுடைய கடைகளில் பொருள் வாங்குவதைக் கத்தோலிக்கர் நிறுத்தினர். பியானோ கற்பித்துவந்த ஒருவர் தம் 12 மாணவருள் 11 பேரை இழந்தார்.

சான்றுச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாங்கிய பொருளுக்குக் கணக்கு உண்டு. வாங்காத பொருளுக்குக் கணக்கு ஏது? கடைவாசலைக் கடந்து போனவர் சமயப் பற்றினால் போனாரா, பாதிரியாருக்கு அஞ்சிப் போனாரா, எதிர்வீட்டார் பார்க்கிறாரே என்று போனாரா என்பதை எந்த ஆவணக் காப்பகமும் சொல்லாது. ஆகவே ஆய்வாளர்கள் குரல் பதிவானவர்களிடமே திரும்பத் திரும்பச் செல்கின்றனர். அவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். கால்வே ஆயர் மைக்கேல் பிரவுன் ஜூன் 30ஆம் நாள் வெக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய மறையுரையில், கத்தோலிக்கப் பிள்ளைகளைக் கவர்ந்து செல்லத் திட்டமிட்ட முயற்சி நடப்பதாகக் கூறி, புறக்கணிப்பை அமைதியான எதிர்ப்பு என நியாயப்படுத்தினார். நான்கு நாள் கழித்துப் பிரதமர் டி வலேரா நாடாளுமன்றத்தில் அதனைக் கண்டித்தார்.

டி வலேராவின் விடையைத் துணிவான கண்டனம் என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. புறக்கணிப்பை அவர் அநீதி, கொடுமை என்று சொன்னது மெய்யே. ஆனால் அவ்விடையின் பிற்பகுதியையும் படிக்க வேண்டும். ஷீலா தாம் தந்த வாக்கை மதித்துக் கணவரிடம் திரும்புமாறு, செல்வாக்குடையோர் அவரை வலியுறுத்த வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார். இத்தகைய மணமுன் உறுதிமொழி செல்லும் என்று அயர்லாந்து உச்ச நீதிமன்றம் டில்சன் வழக்கில் 1950இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயரும் பிரதமரும் கடைகளைப் பற்றி வேறுபட்டனர். ஷீலாவின் உறுதிமொழி அவரைக் கட்டுப்படுத்தும் என்பதில் வேறுபடவில்லை. இருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்தும் எழுத்துகள் இந்த ஒற்றுமையைத் தவறவிடுகின்றன என்பது நம் கருத்து.

அண்டை மாவட்டமான கில்கென்னியைச் சேர்ந்த ஹியூபர்ட் பட்லர், ‘பாய்காட் வில்லேஜ்’ என்ற கட்டுரையில் இந்நிகழ்ச்சியை எழுதினார். அவரும் புராட்டஸ்தாந்தினரே. ஊருக்கு வெளியாள், சிக்கலுக்கு உள்ளாள் என்னும் அவரது நிலை ஆய்வாளர் எளிதில் பெற முடியாதது. 1999இல் வந்த ‘எ லவ் டிவைடட்’ திரைப்படம் கணவன்-மனைவி அன்பையே மையமாக்கியது. திரைப்படத்தின் தேவை அது, குறைகூற வேண்டுவதில்லை. எனினும் அண்டை வீட்டார் அதில் கூட்டமாகச் சுருங்கிவிடுகின்றனர், அவர்களைத்தானே நாம் அறிய விரும்புகிறோம்! டிம் ஃபேனிங்கின் 2010ஆம் ஆண்டு நூலையே மாணவர்கள் முதலில் படிக்கப் பரிந்துரைப்போம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ‘பாய்காட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே அயர்லாந்தில் பிறந்தது. 1880இல் மேயோ மாவட்டத்தில் குத்தகைக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த நிலமுகவரின் பெயர் அது. தமிழில் ‘ஊர்விலக்கு’ என்றால் ஊர்க்கூட்டம் விதிக்கும் தண்டனை நினைவுக்கு வரும்; ஃபெதர்டில் அப்படி ஒரு கூட்டத்தின் தீர்ப்பு இல்லை. ஆதலால் ‘புறக்கணிப்பு’ என்றே, சற்றுத் தயக்கத்தோடு, ஆண்டுள்ளோம்.

இன்னொரு கவர்ச்சியிலிருந்தும் ஆய்வாளர் விலக வேண்டும். இதே மாவட்டத்தின் ஸ்கல்லபோக்கில் 1798 ஜூன் 5ஆம் நாள், எழுச்சியாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட கைதிகளைக் கொன்றனர். பலர் களஞ்சியத்தில் அடைத்து எரிக்கப்பட்டனர். கொல்லப்பட்டோருள் பெரும்பாலோர் புராட்டஸ்தாந்தினர். கத்தோலிக்கர் சிலரும் இருந்தனர். அந்த நினைவு 1957இல் சிறுபான்மையினரின் அச்சத்தை விளக்க உதவலாம். புறக்கணிப்பின் காரணத்தை அது விளக்காது. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்துப் ‘பழம்பகை’ என்று பெயரிட்டால், 1908ஆம் ஆண்டின் ஓர் ஆணையும் 1950ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பும் பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

1798 எழுச்சியின் இருநூறாம் ஆண்டான 1998இல் ஆயர் பிரெண்டன் கோமிஸ்கி இப்புறக்கணிப்புக்காக மன்னிப்புக் கேட்டார். ஷான் குளோனி அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் தம் வட்டார வரலாற்றைத் திரட்டிய ஆய்வாளராகவும் விளங்கியவர். 1957ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி ஷீலா ஊர் திரும்பியபோது, பெண்மக்களை இரு தரப்புப் பள்ளிகளுள் எதற்கும் அனுப்பவில்லை. பெற்றோரே வீட்டில் கற்பித்தனர். ஊர்ப் பள்ளிகளின் பதிவேடுகளில் அப்பிள்ளைகளைத் தேடுவோர், அவர்கள் பெயர் இல்லாத பக்கங்களையே சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கும்.